பட்டியலில் விடுபட்ட வீடுகள்

சென்ற பொங்கல் விழாவுக்கு அழைப்பு அனுப்புவதற்காகச் சங்கத்துக் கணிப்பொறியிலிருந்து பட்டியல் ஒன்று எடுத்தோம். குழந்தைகளுக்குப் போட்டிகள் உண்டாதலால், குடும்பத் தலைவர் பெயரோடு குழந்தைகளின் பெயர்களும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. பட்டியல் அழகாகவே வந்தது. விழா முடிந்த மறுவாரம் முதிய அன்பர் ஒருவர் எம்மிடம் வந்து, "எங்களை மறந்துவிட்டீர்களே, தம்பி" என்றார். அவருக்கும் துணைவியாருக்கும் மக்கட்பேறு இல்லை. பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் இல்லாத வீடு ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை. நாணினோம்.

எம் பதிவேடு போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் உள்ளது. வீட்டுக்கு ஒரு வரி. அவ்வரியின் ஒரு கட்டத்துள் குழந்தைகளின் பெயர்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். அவற்றைத் தனித்தனியே பிரித்துத் தர 'அன்னெஸ்ட்' என்றொரு செயற்கூறு உண்டு. சாதாரணச் செயற்கூறு ஒரு விடை தரும். இதுவோ வரிகளின் தொகுதியையே தரும். மூன்று பெயர் உள்ள வீடு மூன்று வரியாகும். பெயரே இல்லாத வீடு? பூஜ்யம் வரி! குடும்பத் தலைவரின் பெயரும் முகவரியும் அதனோடு சேர்ந்தே மறைந்துவிடும். கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் அப்படியே. பொறி விதிப்படியே நடந்தது. ஆகையால் பிழையென்று எதையும் அறிவிக்கவில்லை.

'செலக்ட்' என்ற சொல்லை அடுத்து அச்செயற்கூற்றை எழுதியிருந்ததே எம் தவறு. அதை 'ஃப்ரம்' பகுதிக்கு மாற்றி, 'லெஃப்ட் ஜாயின் லேட்டரல்' என்பதன் பின் வைத்து, 'ஆன் ட்ரூ' என்று முடித்தோம். 2013இல் வந்த 9.3 பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. லேட்டரல் என்பது, இடப்புறத்து வரியைச் செயற்கூறு எடுத்தாள வழிவிடுவது. லெஃப்ட் ஜாயின் என்பது, வலப்புறம் ஏதும் கிடைக்காவிடினும் இடப்புறத்து வரியைக் கைவிடாதது. இப்போது குடும்பத் தலைவர் பெயர் நிற்கிறது. குழந்தைப் பெயருக்குரிய கட்டம் மட்டும் வெறுமையாயிருக்கிறது.

தொலைபேசி எண்களையும் இவ்வாறே பிரிக்க விழையும் அன்பர்களுக்கு ஒரு சொல். செலக்டில் இரண்டையும் அருகருகே எழுதினால், இரு பெயரும் மூன்று எண்ணும் உள்ள வீடு முன்னெல்லாம் ஆறு வரியாகும். 2017இல் வந்த பத்தாம் பதிப்பு முதல் மூன்றே வரி. மூன்றாவதில் பெயர் இராது. பெயருக்கு நேரே நிற்கும் எண் அக்குழந்தையுடையதென்று எண்ணிவிட வேண்டா.

திருத்திய பட்டியலில் அம்முதியவர் பெயர் இருந்தது. சித்திரை விழா அழைப்பை அஞ்சலில் சேர்க்காமல், நாமே அவர் இல்லத்துக்கு எடுத்துச் சென்று கொடுத்தோம்.