ஆசிரியர் கையில் கேமரா

தமிழகத்தின் புதிய பாடநூல்களில் 2018இல் காணொலிகளுக்கு இட்டுச்செல்லும் கியூஆர் கோடு வந்தது. மறு ஆண்டே கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் கேமரா முன் நின்று பாடம் நடத்தினார்கள். மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், ஒருநாள் பயிற்சியில் உரையைக் கேட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதால் காணொலியில் பாடம் நடத்தும் கலை வந்துவிடாது. ஒலிப்பதிவின்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார வேண்டும். பின்னம் நடத்த அனிமேஷன் எதற்கு? கேமரா முன் ஒரு சப்பாத்தியை நான்காக வெட்டினால் போதும். இதெல்லாம் செய்து பார்த்தால்தான் கைவரும். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் இதைப் பட்டறையாகவே நடத்தட்டும். சக ஆசிரியர்கள் பார்த்துக் குறை சொல்லவும், மறுபடி எடுக்கவும் பணி நேரத்திலேயே அவகாசம் வேண்டும். சொந்த போனில், சொந்த டேட்டாவில் காணொலி தயாரிக்கும் ஆசிரியருக்கு அந்தச் செலவை அரசு தர வேண்டும்.