‘செய்யலாம்’ என்றொரு வினை

‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழ் படித்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. முன்னது கடமை. பின்னது மனமிருந்தால் செய்வது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைக்கு முன்னதைத் தந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு அதன் 11ஆம் பிரிவு தருவது பின்னதை: இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம்.

இது கைதவறி விழுந்த சொல்லன்று. அரசியலமைப்பின் பழைய 45ஆம் உறுப்பு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அதில் கீழ்வரம்பு ஏதும் இல்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் ஆறு வயதில் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு மேலே அடிப்படை உரிமை, கீழே வெறும் முயற்சி. கல்வியை உரிமையாக்கிய திருத்தமென்று நாம் கொண்டாடியது இதைத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். அப்பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்கும். செலவை ஈடுசெய்வது அரசின் பொறுப்பு. ஆக, தனியார் எல்.கே.ஜி.க்குப் பணம் கொடுப்பது கடமை. தானே ஒன்றை நடத்துவது விருப்பம்! இப்படியொரு சட்டத்தை எழுதியவர்கள் எந்த இலக்கணம் படித்தார்களோ, நாமறியோம்.

“அதுதான் அங்கன்வாடி இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தையின் தட்டிலும் சோறிட்டது. அந்தச் சோற்றை இழிவாகப் பேச நமக்கு வாய் வராது. ஆனால் சோற்றோடு நின்றுவிட்டோம். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, அத்தனையையும் செல்பேசிச் செயலியில் ஏற்றுவது, இவற்றுக்கு நடுவே பாட்டும் கதையும் சொல்லித் தருவது என எல்லாம் ஒரே பெண்மணியின் தலையில். அவருக்குத் தருவது சம்பளம்கூட அன்று, ‘மதிப்பூதியம்’. 2018இல் மத்திய அரசு நிர்ணயித்த அதன் அளவு மாதம் 4,500 ரூபாய். மாநிலம் தன் பங்குக்குக் கூட்டித் தருகிறது. பணிக்கொடை பெற அவருக்கும் உரிமையுண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? செங்கீரை, தால், சப்பாணி, அம்புலி என்று குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பருவம் பிரித்துப் பாடிய பிள்ளைத்தமிழை வகுப்பில் சிலாகித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் மாதத்தில் கணக்கைத் தொடங்கிய மரபு நமது. அந்த மரபின் வாரிசுகள் ஆறு வயதில் கணக்கைத் தொடங்கும் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவில்லை. பயிற்றுமொழி குறித்துச் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக வாதிட்டோம். நம் பிள்ளைகளை மட்டும் மூன்று வயதில் ஆங்கில மழலையர் பள்ளி வேனில் ஏற்றிவிட்டோம். ஏழைத் தாய் கடன் வாங்கி அதே வேனில் தன் பிள்ளையை ஏற்றினால் ‘ஆங்கில மோகம்’ என்று நாம்தான் பழிக்கிறோம். அவளுக்கு வேறு எந்தக் கதவைத் திறந்து வைத்தோம்?

திறந்த கதவொன்றின் கதையும் உண்டு. 2019 ஜனவரியில் தமிழக அரசு, பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கிற்று. மாநிலத்தில் மையங்களோ 54 ஆயிரத்துக்கும் மேல். 2022இல் அங்கிருந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். எதிர்ப்பு எழுந்தபின், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் என்றார்கள். ஆட்சி மாறியும் மாறாதது அந்த ‘லாம்’. நடத்தலாம், நிறுத்தலாம்.

இது லாபம் தரும் முதலீடு என்று ஜேம்ஸ் ஹெக்மன் போன்ற பொருளியலறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அரசுகளுக்கு அந்த மொழிதான் புரியுமென்றால் அதிலேயே பேசட்டும். நாம் கேட்பது சிறியது. 11ஆம் பிரிவின் அந்த வினைமுற்றை மாற்றுங்கள். மாற்றியபின், மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரை முழுச் சம்பளத்தில் ஒவ்வொரு மையத்திலும் அமர்த்துங்கள்.