துன்னூறும் சால்னாவும்

இலஞ்சியில சாரல் ஆரம்பிச்சா ஊரே குடை தேடும். எங்கப்பா மட்டும் புல்லட் சாவி தேடுவார்!

அது திருவொற்றியூர்ல செஞ்ச 350, 1988 மாடல். அதாவது, எனக்கு அண்ணன். வலது காலுக்கு கியர், இடது காலுக்கு பிரேக். புதுசா ஓட்டுறவங்க பிரேக்னு நெனச்சு கியரை மிதிச்சு முழிக்கிறப்ப, அப்பா திண்ணையில உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்.

எனக்குப் பாடம் எடுத்ததும் திண்ணையில இருந்தேதான். "ஏலே, சும்மா உதைக்காத. டீகம்ப்ரெஸரப் புடி. ஆம்மீட்டர் முள்ளு நடுவுக்கு வந்துட்டா? இப்ப மிதி!" காலேஜ்ல 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக்னு கணக்குப் போட்டு 346 சி.சி.ன்னு விடை வந்தப்ப, எனக்குள்ள 'டப் டப்'னு சத்தம் கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழமைன்னா செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் ஒரு ரவுண்டு. ரெயின்கோட்டா? மூச்! திரும்புறப்ப பிரானூர் பார்டர்ல புரோட்டா. அம்மாகிட்ட மட்டும் 'குமாரர் கோயிலுக்குப் போனோம்'னு சொல்லணும். அதுக்காகவே பாக்கெட்ல துன்னூறு ரெடியா இருக்கும்.

போன வருஷம் அப்பா தவறிட்டார். "வித்துருங்க, எடத்த அடைக்குது"ன்னாங்க சொந்தக்காரங்க. புல்லட்டைத் திட்டித் தீர்த்த அம்மாதான் படிவம் 31, இறப்புச் சான்றிதழ் சகிதம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கிளம்பினாங்க. ஆர்.சி.யில அப்பா பேர் இருந்த எடத்துல இப்போ அம்மா பேர்.

"ஏம்மா?"ன்னேன்.

"துன்னூறுக்கு மேல சால்னா வாசம் அடிக்கும்லா. எனக்கென்ன தெரியாதா? ஞாயித்துக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போலே."