பத்து வயதுப் பரீட்சையும் பணம் கட்டிப் படிக்கும் பயிற்சியும்

நவோதயா பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மனுப் போடும் காலம் வந்துவிட்டால், பெங்களூரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் கோலார் தங்கவயல், பத்ராவதி போன்ற ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பையனை எந்தப் பயிற்சிக் கூடத்தில் சேர்ப்பது?" என்பதே அந்தப் பேச்சு. பையன் கெட்டிக்காரனா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டெடுப்பதற்கென்றே ஏற்பட்ட பரீட்சைக்கு இந்த நிலை வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இந்தப் பள்ளிகள் எதற்காக ஏற்பட்டன? 1971-ல் ஆந்திர முதலமைச்சராக இருந்த பி.வி.நரசிம்ம ராவ், நல்கொண்டா மாவட்டத்தில் சர்வேல் என்ற கிராமத்தில், படிப்பில் சிறந்த கிராமப் பிள்ளைகளுக்காக ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். 1985-ல் மத்திய அரசில் கல்வி அவர் பொறுப்புக்கு வந்தபோது அதே எண்ணம் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஹரியானாவில் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தில் அமராவதியிலும் முதல் இரண்டு பள்ளிகள் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கு ஒன்று என்று 1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்தது. இன்று 650-க்கு மேற்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, புத்தகம் எல்லாம் இலவசம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சில பிரிவினர் மட்டும் மாதம் ஒரு தொகை கட்டுகிறார்கள். நூற்றுக்கு 75 இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண் குழந்தைகளுக்கு. தகப்பனின் சம்பளத்தைப் பாராமல் பிள்ளையின் அறிவைப் பார்ப்பதே நோக்கம் என்று அரசே சொன்னது.

மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டு அரசு இப்பள்ளிகளை ஏற்கவில்லை. ஆகவே தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வருகிறவர்களுக்கு நவோதயா என்ற பெயரே புதிது. விஷயம் தெரிந்து விசாரிக்கப் போகும் நேரத்தில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு வருஷமாகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிய வருகிறது.

பரீட்சை இரண்டு மணி நேரம். மொத்தம் 80 கேள்வி, 100 மார்க். இதில் 40 கேள்வியும் 50 மார்க்கும் மனத்திறனுக்கு. கணக்குக்கு 25, மொழிக்கு 25. மனத்திறன் பகுதியில் எழுத்து கிடையாது, எல்லாம் படம். நாலு படத்தில் ஒட்டாத படம் எது, கண்ணாடியில் பார்த்தால் இந்த உருவம் எப்படித் தெரியும், மடித்துத் துளையிட்ட காகிதத்தைப் பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்கிற மாதிரியான கேள்விகள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல வாத்தியார், வீட்டில் புத்தக அலமாரி இவையெல்லாம் இல்லாத பிள்ளையும் போட்டியில் பின்தங்கக் கூடாது என்றுதான் எழுத்தை விலக்கிப் படத்தை வைத்தார்கள். எண்ணம் நல்ல எண்ணம், சந்தேகமில்லை.

ஆனால் இந்தப் படப் புதிர்களைப் போலப் பழக்கத்துக்கு வசப்படுவது வேறொன்றில்லை. முதல் முறையாகப் பார்க்கும் பிள்ளை, என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே நேரம் செலவழிக்கிறது. நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்த பிள்ளைக்குப் புதிரின் ஜாதி பார்த்தவுடன் தெரிகிறது. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான் கணக்கு. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற பிள்ளையும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அறிவின் வித்தியாசம் என்று யார் சொல்ல முடியும்?

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. இங்கிலாந்தில் 1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினோரு வயதுப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பிரித்தார்கள். அறிவுத்திறன் சோதனைக்குப் பயிற்சியால் பயன் கிடையாது, அது பிறவிக் குணத்தை அளப்பது என்று பலரும் நம்பிய காலம். 1950-களின் தொடக்கத்தில் பிலிப் வெர்னன் என்ற உளவியல் பேராசிரியர், பயிற்சியால் மார்க் கூடத்தான் செய்கிறது என்று எடுத்துக்காட்டியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் கண்ட இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். பயிற்சியின் பலன் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பிழிந்தாலும் ஏற்றம் கொஞ்சம்தான்.

இதை யோசித்துப் பார்த்தால் அநியாயம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். மாதக்கணக்கில் பணம் கட்டும் பிள்ளைக்கு மனத்திறன் பகுதியில் கிடைக்கும் லாபத்தின் பெரும் பகுதியை, அரசுப் பள்ளி ஒன்று சில சனிக்கிழமைகளில் இலவசமாகவே கொடுத்துவிட முடியும். கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம். கணக்கும் மொழியும் வேறு விஷயம். அவற்றுக்குக் குறுக்கு வழி இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒரே வாத்தியார் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும் பள்ளியில் அது நடக்காது என்பதை மறைப்பதற்கில்லை.

பயிற்சிக் கூடங்களைத் தடை செய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தடை போட்டால் பலகை இறங்கும், கட்டணம் ஏறும், அவ்வளவுதான். பெற்றோரைப் பழிப்பதும் சரியல்ல. ஒரு குமாஸ்தா இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மகளோடு உட்காருகிறார், அது அநியாயமா? நகையை அடகு வைத்து மகனைப் பயிற்சிக்கு அனுப்பும் லேத் தொழிலாளி என்ன பாவம் செய்தார்? கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இடம் கிடைப்பதில் தப்பென்ன என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. விடியற்காலையில் எழுந்து படிக்கிற பத்து வயதுப் பிள்ளையின் உழைப்பு அந்தப் பிள்ளையுடையதுதான். ஆனால் அதே உழைப்புக்குத் தயாராக இருக்கிற இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு மனு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கடைசித் தேதி போய்விடுகிறதே, அதற்கு என்ன பதில்?

பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எந்த மாவட்டத்துப் பள்ளிக்கு மனுப் போடுகிறோமோ அந்த மாவட்டத்திலேயே ஐந்தாம் வகுப்பு முழுவதும் படித்திருக்க வேண்டும். கிராமப் பிள்ளை என்ற கணக்கில் வர, மூன்று, நாலு, ஐந்து ஆகிய வகுப்புகளைக் கிராமத்துப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இடையில் நகரப் பள்ளியில் படித்திருந்தால் நகரத்துக் கணக்குத்தான். ஒரு முறைதான் எழுதலாம், மறு வருஷம் என்ற பேச்சே இல்லை. கட்டட வேலை ஓசூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கும் அங்கிருந்து தேவனஹள்ளிக்கும் மாறும்போது பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறுகிறது. விதியைப் போட்டவர்கள் இந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வசதியுள்ளவர்களோ பிள்ளையின் பெயரைக் கிராமப் பள்ளிப் பதிவேட்டில் வைத்துவிட்டு, பிள்ளையை டவுன் பயிற்சி விடுதியில் வைக்கிறார்கள் என்ற புகார் பேசப்படுகிறது. அது உண்மையாக இருக்கும் இடத்தில், கிராமத்துக்கென்று ஒதுக்கிய இடம் யாருக்குப் போகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

அரசு நினைத்தால் இதில் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. பரீட்சை நடக்கும் மொழிகள் எல்லாவற்றிலும் பழைய கேள்வித்தாள்களை விடையோடும் விளக்கத்தோடும் அச்சிட்டு, ஒவ்வொரு ஐந்தாம் வகுப்புக்கும் அனுப்பலாம். மாதிரி விடைத்தாளில் இரண்டு முறை எழுத வைக்கலாம். மனுவை இன்டர்நெட்டில்தான் போட வேண்டியிருப்பதால், தலைமை ஆசிரியரே தம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் போட்டுக்கொடுக்கும்படி உத்தரவிடலாம். சில நல்ல தலைமை ஆசிரியர்கள் இன்றைக்கும் சொல்லாமலே செய்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

அதுவரை நம்மவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பட்டிமன்றமும் மெல்லிசையும் நடத்துகிற சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் சங்கத்துக் கூடத்தைத் திறந்து வைத்து, ஆபீஸ் வேலையில் இருக்கிற நாலு பேர் முறை வைத்து உட்கார்ந்தால், சித்தாள் வேலைக்குப் போகிற தாயின் பிள்ளையும் அந்தப் படப் புதிர்களை முன்கூட்டியே பார்த்துவிடும். பிள்ளை நாலாம் வகுப்பில் இருக்கும்போதே, பள்ளி மாறிய ஒவ்வொரு முறையும் வாங்கிய மாற்றுச் சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கின்றனவா, பள்ளி எந்த மாவட்டக் கணக்கில் வருகிறது, கிராமமா நகரமா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால், திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.