ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி



கால்நடை இலாகா ஆட்கள் வந்து நம் மாடுகளில் இரத்தம் எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். "அவங்க படிச்சவங்க, நமக்கு என்ன தெரியும்?" என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்தச் சின்னக் குப்பிக்குள் இருப்பது மாட்டின் இரத்தம் மட்டுமல்ல; நம் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதில்தான் இருக்கிறது.

முதலில் ஊசி. ஒரே ஊசியை மாட்டுக்கு மாடு குத்தினால் ஒன்றின் நோய் இன்னொன்றுக்குப் போகும். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நீப்பா நோய் நம் நாட்டில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழிக்க வேண்டியதாயிற்று. பண்ணைக்குள் அது பரவியதற்கு ஒரே ஊசியைப் பல பன்றிகளுக்குப் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். 2021-இல் இங்கு வந்த மாட்டுத் தோல்கழலை நோயும் பூச்சிக் கடியால் மட்டுமல்ல, அசுத்த ஊசியாலும் தொற்றக்கூடியது.

அடுத்தது கை. மூக்கிலும் வாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்கும் சோதனைகள் இன்று மிக நுட்பமானவை. துளியளவு கிருமியையும் கண்டுபிடித்துவிடும். நோய்ப்பட்ட மாட்டைத் தொட்ட அதே கையுறையோடு நல்ல மாட்டைத் தொட்டால், நல்ல மாட்டுக்கும் நோய் என்று தாள் வந்துவிடும். அதனால்தான் மாட்டுக்கு மாடு கையுறை மாற்றணும். நல்ல மாடுகளை முதலிலும் சீக்கு மாட்டைக் கடைசியிலும் பார்க்கணும். பூட்ஸையும் மருந்துத் தண்ணீரில் கழுவணும்.

மூன்றாவது அடையாளம். இரத்தம் எடுத்த அந்த நிமிடமே குப்பியில் எண் எழுத வேண்டும். அப்புறம் எழுதிக்கலாம் என்றால் குப்பி மாறிப்போகும். கன்று வீசும் புருசெல்லா நோய்க்கு இப்படி நடந்தால், நல்ல மாடு வெட்டுக்குப் போகும். நோய் மாடு கொட்டகையிலேயே நிற்கும். அதன் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் பிள்ளைக்கும், நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளும் தாய்க்கும் காய்ச்சல் வரும். நட்டம் இரட்டிப்பு!

குப்பிகளை இறுக மூடி, தனித்தனிப் பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் முழு இரத்தம் உறைந்து கட்டியாகிவிடக் கூடாது.

"ஒரே மத்தியானத்தில் நாற்பது மாடு, ஆள் பத்தல" என்பார்கள். உண்மையாக இருக்கலாம். ஆள் பற்றாக்குறைக்கு மாட்டுக்காரன் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? தோட்ட நிர்வாகம் மாட்டை அடைக்க மரச்சட்டமும் கைகழுவத் தண்ணீரும் கொடுக்கட்டும். நம் தோட்டக் கமிட்டியில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, எந்த மாடு, எந்த எண் என்று குறிக்கட்டும்.

"ஐயா, புது ஊசிதானே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது அவமரியாதை அல்ல. நம் உரிமை, அவருக்கும் பாதுகாப்பு.