அட்டைப்படமும் பாடும்

மார்க்கெட்டிங் பாடப் புத்தகம் எதை எடுத்தாலும் பேக்கேஜிங் பற்றி ஒரு அத்தியாயம் கண்டிப்பாக இருக்கும். பொருளைப் பாதுகாக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அலமாரியில் பக்கத்தில் இருக்கும் சரக்கில் இருந்து தனியாகத் தெரிய வேண்டும். எண்ணெய் டின்னையும் சோப்பு உறையையும் உதாரணம் காட்டி எழுதினால் ஐந்து மார்க் நிச்சயம். அதே இடத்தில் இசைத்தட்டு அட்டையை உதாரணமாக எழுதிப் பாருங்கள், அத்தனை பாயிண்டும் ஆட்டம் காணும். டின்னில் நிலக்கடலை படம் போட்டால் உள்ளே கடலெண்ணெய். இசைத்தட்டில் எதைப் படம் போடுவது? சத்தத்துக்கு ஏது உருவம்?

ரொம்ப நாள் வரைக்கும் கம்பெனிக்காரர்கள் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் பாட்டு. நீளமான சிம்பொனி என்றால் நாலைந்து தட்டு வேண்டும். அவற்றை போட்டோ ஆல்பம் மாதிரி பைண்டு செய்து விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயரே அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வெளியே மங்கலான கனத்த அட்டை, அதில் வெறும் எழுத்து. கல்லறைக்கல் என்றே அதற்குப் பட்டப்பெயர் இருந்தது.

1939ல் அமெரிக்காவின் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற பையன் வேலைக்குச் சேர்ந்தார். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அட்டையில் படம் போடலாமே என்று கம்பெனியைச் சம்மதிக்க வைத்தவர் அவர். முதல் முயற்சி ரோஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாட்டுத் தொகுப்பு. நியூயார்க்கில் ஒரு நாடகத் தியேட்டரின் வாசல் விளக்குப் பலகையில் ஆல்பத்தின் பெயரையே மாட்ட வைத்து, அதைப் போட்டோ எடுத்து அட்டையாக்கினார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும், உள்ளே இருப்பது பிராட்வே பாட்டு.

ஆக, ஜானரைச் சொல்வது முதல் நாளே தீர்ந்துபோன பிரச்சினை. அது ஒன்றும் பிரமாதமான வேலையும் இல்லை. தம்புராவும் பட்டுப்புடவையும் என்றால் கர்நாடக சங்கீதம். கௌபாய் தொப்பி என்றால் கன்ட்ரி. முள்செடி மாதிரி பின்னிக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்றே படிக்க முடியாத எழுத்து என்றால் டெத் மெட்டல் (படிக்க முடிந்தால் அது நல்ல பேண்ட் இல்லை என்று ரசிகர்களே கிண்டல் அடிப்பார்கள் :-) ). இதெல்லாம் யூனிஃபார்ம். எந்த ஸ்கூல் என்று சொல்லும், பையன் எப்படிப்பட்டவன் என்று சொல்லாது. இந்த ஆல்பம் எதைப் பற்றியது, கேட்டால் உள்ளுக்குள் என்ன ஆகும் என்பதை அட்டை சொல்ல முடிந்தால்தான் அது உருப்படியான அட்டை.

ஜாஸ் என்றதும் மனசில் வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை போட்டோ, சுருள் சுருளாகச் சிகரெட் புகை, சாக்ஸஃபோனில் விழும் வெளிச்சம், ஓரத்தில் தடித்த எழுத்து, மொத்தத்துக்கும் ஒரே ஒரு வண்ணச் சாயம். காபி கடை விளம்பரம் வரைக்கும் இந்தத் தோற்றத்தைக் கடன் வாங்கியாயிற்று. இது ஜாஸ் பிறந்தபோதே கூடப் பிறந்தது இல்லை. பெரும்பங்கு ஒரே ஒரு கம்பெனியின் கைவேலை.

ப்ளூ நோட் ரெக்கார்ட்ஸ். 1939ல் நியூயார்க்கில் தொடங்கியது. நடத்தியவர்கள் ஆல்ஃபிரட் லயன், ஃப்ரான்சிஸ் வுல்ஃப் என்ற இரண்டு பேர். பெர்லினில் சின்ன வயதில் இருந்தே சிநேகிதர்கள், நாஜி காலத்து ஜெர்மனியை விட்டு வந்தவர்கள். லயன் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ள, வுல்ஃப் கேமராவோடு சுற்றிச் சுற்றி வருவார். 1950களின் பெரும்பாலான பதிவுகள் நடந்தது நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டர் என்ற பொறியாளரின் பெற்றோர் வீட்டு ஹாலில்! வுல்ஃப் எடுத்த படங்களில் யாரும் போஸ் கொடுக்கவில்லை. வாசித்துக்கொண்டு இருப்பார்கள், அல்லது வாசித்ததைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள்.

அந்தப் படங்களை அட்டையாக்கியவர் ரீட் மைல்ஸ். 1956 வாக்கில் இருந்து 1967 வரை கிட்டத்தட்ட 500 அட்டைகள். இதில் வேடிக்கை, மைல்ஸுக்கு ஜாஸ் அவ்வளவாகப் பிடிக்காது. அவர் கிளாசிக்கல் ரசிகர். லயன் வந்து, இந்த ஆல்பத்தின் மனநிலை இப்படி என்று விளக்குவார். அதைக் கேட்டுக்கொண்டு மைல்ஸ் வடிவமைப்பார். பணமும் தாராளமாக இல்லை, பல அட்டைகளுக்குக் கறுப்பு போக இன்னொரு வண்ணம்தான் கட்டுப்படியானது. வுல்ஃப் பாடுபட்டு எடுத்த படத்தில் நெற்றியையும் காதையும் மைல்ஸ் வெட்டித் தள்ளுவார். வுல்ஃபுக்கு இதில் வருத்தம் உண்டு என்பார்கள். வராமல் இருக்குமா?

அந்தக் கத்தரிக்குள்தான் இசை இருக்கிறது. ஃப்ரெடி ஹப்பர்டின் 'ஹப் டோன்ஸ்' அட்டையில் கறுப்புப் பட்டைகள் பியானோ கட்டைகள் மாதிரி வரிசையாக நிற்கும். அதில் ஒன்று மட்டும் கீழே இறங்கி இருக்கும். யாரோ அந்தக் கட்டையை இப்போதுதான் அழுத்தின மாதிரி. ஜாக்கி மெக்லீன் 1964ல் பதிவு செய்த 'இட்ஸ் டைம்' இன்னும் ஒரு படி மேலே. அட்டை முழுக்க ஆச்சரியக்குறிகள், வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். மெக்லீன் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு நிற்பார். ஊதுபவரை விட ஊதுகிற அவசரம் பெரிசு என்று சொல்வதற்கு இதை விட நல்ல வழி உண்டா? சம்பிரதாயமான டிசைனராக இருந்தால் அவர் முகத்தைப் பெரிசாகப் போட்டு, பக்கத்தில் சாக்ஸஃபோனை நிறுத்தி வேலையை முடித்திருப்பார்.

ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' (1957ல் பதிவானது) இன்னொரு விதம். அட்டை மொத்தமும் நீலம். தலை குனிந்து, கை வாயருகே போயிருக்க, ஏதோ யோசனையில் கோல்ட்ரேன். ப்ளூஸ் என்பதால் நீலம் என்று எடுத்துக்கொண்டால் அது ஜானர் சமாசாரம், யாருக்கும் தோன்றுவதுதான். கனமானது அந்தக் குனிந்த தலை. ஜாஸ் என்றால் இரவு விடுதியில் ஆட்டம் போடுவதற்கான சத்தம் என்று நினைத்தவர்களுக்கு, இது யோசிக்கிற மனிதனின் இசை என்று அந்தப் போட்டோ சொல்லிவிடுகிறது. நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த 1950களின் அமெரிக்காவில், ஒரு கறுப்பின மனிதனை சிரிக்க வைக்காமல், கோமாளி வேஷம் போடாமல், சிந்தனையாளனாகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது சின்ன விஷயம் இல்லை. பேக்கேஜிங் அத்தியாயத்தில் இதற்குப் பாயிண்ட் கிடையாது.

ராக் பக்கம் வந்தால் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் முக்கோணப் பட்டகத்தைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது, விட்டுவிடலாம். 'தி க்ளாஷ்' 1979ல் வெளியிட்ட 'லண்டன் காலிங்' பாருங்கள். இடது ஓரம் மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பு எழுத்து, அடியில் பச்சை எழுத்து. 1956ல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தில் இருந்து அப்படியே சுட்டது, சுட்டது தெரிய வேண்டும் என்றே சுட்டது. எல்விஸ் கிதாரைக் கட்டிக்கொண்டு பாடிய இடத்தில், க்ளாஷின் பால் சிமனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் ஓங்கி அடிக்கிறார். படம் எடுத்த பென்னி ஸ்மித்துக்கே ஃபோகஸ் சரியில்லை என்று அதைப் போட மனசில்லையாம். நல்லவேளை, போட்டார்கள். 'நாங்கள் எல்விஸின் வாரிசு', 'அந்தச் சொத்தை உடைக்கப் போகிறோம்' என்ற இரண்டையும் அட்டை ஒரே மூச்சில் சொல்கிறது. ரெக்கேயும் ராக்கபில்லியும் ஜாஸும் கலந்துகட்டிய ஒரு பங்க் ஆல்பத்துக்கு அதுதான் கச்சிதம்.

அதே 1979, அதே இங்கிலாந்து, ஆனால் மான்செஸ்டர். ஜாய் டிவிஷனின் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்'. கறுப்பு அட்டை, நடுவில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள். முன்பக்கம் பேண்ட் பெயரும் கிடையாது, ஆல்பம் பெயரும் கிடையாது. கம்பெனி ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் இதற்கு ஒத்துக்கொண்டதை எந்த மார்க்கெட்டிங் வாத்தியாரும் மன்னிக்க மாட்டார்.

அந்தக் கோடுகள் சிபி 1919 என்ற பல்சாரின் ரேடியோ அலைகள். 1967ல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சார் அது. ஹரால்ட் கிராஃப்ட் என்ற வானியல் மாணவர் 1970ல் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வரைந்த வரைபடம், பிறகு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போனது. அங்கே அதைக் கண்டெடுத்தவர் கிதாரிஸ்ட் பெர்னார்ட் சம்னர். வெள்ளைத் தாளில் இருந்த கறுப்புக் கோட்டைத் திருப்பிப் போட்டு, கறுப்பில் வெள்ளையாக்கியவர் டிசைனர் பீட்டர் சாவில்.

ஜானர் என்று பார்த்தால் இந்த அட்டை வாயே திறக்கவில்லை. கிதார் இல்லை, முகம் இல்லை, கிழிந்த சட்டை இல்லை. ஆனால் அந்தப் பல்சார் 1.33 விநாடிக்கு ஒரு தடவை, தவறாமல், யாருக்காகவும் இல்லாமல் துடித்துக்கொண்டிருக்கும் செத்த நட்சத்திரம். ஆல்பத்தைப் போட்டதும் கேட்பது என்ன? ஸ்டீபன் மோரிஸின் மெஷின் மாதிரியான டிரம், சுற்றிலும் வெற்றிடம், தூரத்தில் இருந்து வருகிற இயான் கர்டிஸின் குரல். கோடுகளும் ஒன்றோடு ஒன்று சேராமல், அடுத்தடுத்து நடுங்கிக்கொண்டு நிற்கின்றன. கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் படம் பயப்படுத்துகிறது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த ஆல்பம் 'க்ளோசர்'. அட்டையில் இத்தாலியின் ஜெனோவா நகரக் கல்லறைத் தோட்டத்துப் படம். கிடத்தியிருக்கும் உடல், சுற்றி அழும் உருவங்கள், எல்லாம் பளிங்குச் சிலை. படத்தைத் தேர்வு செய்து முடித்த பிறகு, 1980 மே 18ல் இயான் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. ஜூலையில் ஆல்பம் வெளிவந்தது. சாவை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களே என்று சாவிலுக்கே கலக்கம். அட்டையை மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. அது சரியான முடிவுதான். அந்தப் படம் அந்தப் பாட்டுகளுக்காகத் தேர்ந்தெடுத்தது, செய்திக்காக இல்லை. மாற்றியிருந்தால்தான் செய்திக்குப் பயந்த அட்டையாகியிருக்கும்.

பல்சார் கோடுகளின் பிற்காலக் கதை அவ்வளவு கம்பீரமானது இல்லை. டீ-ஷர்ட்டாகி, பிளாட்பாரக் கடை வரைக்கும் போய், கடைசியில் 2012ல் டிஸ்னி அதை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் அச்சடித்து விற்பனைக்கு வைத்தது. (பேச்சு கிளம்பியதும் சீக்கிரமே வாபஸ்.) போட்டுத் திரிகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

தமிழ் சினிமாப் பாட்டுக்கு இந்தப் பாக்கியம் பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. ரெக்கார்டு, கேசட், சிடி எதுவானாலும் அட்டையில் இருப்பது படத்தின் ஸ்டில். ஹீரோ, ஹீரோயின், அடியில் இசையமைப்பாளர் பெயர். ஒரே வருடத்தில் ஒரே இசையமைப்பாளர் போட்ட துள்ளல் பாட்டுக்கும் அழுகைப் பாட்டுக்கும் ஒரே மாதிரி அட்டை. அது படத்தின் விளம்பரம், இசையின் முகம் இல்லை. இத்தனை அருமையான பாட்டுகளுக்குச் சொந்த முகம் இல்லாமல் போனது நஷ்டம்தான்.

அட்டையைத் தன் கையில் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் என்று பார்த்தால் எம்.ஐ.ஏ.தான் முதலில் நினைவுக்கு வரும். மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டனுக்கு அகதியாகப் போனவர். பாட்டுக்கு வருவதற்கு முன்பே ஓவியம், ஃபிலிம் என்று படித்தவர். 'எலாஸ்டிகா' பேண்டின் 2000ம் வருட ஆல்பத்துக்கு அட்டை செய்தவரும் அவரே. 2005ல் வந்த தன் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையே வைத்தார், 'அருளர்'. அட்டையில் டாங்கிகளும் துப்பாக்கிகளும் ஸ்டென்சில் அச்சில், திருவிழாக் கடை ஸ்டிக்கர் மாதிரிப் பளீர் வண்ணத்தில். போரை ஃபேஷன் ஆக்குகிறார் என்று அப்போதே திட்டு விழுந்தது. ஆனால் இசையும் அதேதான் செய்கிறது. ஆடத் தூண்டும் மலிவு எலெக்ட்ரானிக் தாளத்துக்குள் குண்டும் அகதிப் பேச்சும். அட்டை மட்டும் சோகமாக, கறுப்பு வெள்ளையில், கருணை கேட்கும் முகத்தோடு இருந்திருந்தால் அதுதான் பொய்.

2010ல் வந்த 'மாயா' ஆல்பத்தின் அட்டையில் யூட்யூபின் ஓடுபட்டைகள் அடுக்கடுக்காக முகத்தை மறைத்துவிடும், மிஞ்சுவது கண்கள்தான். இணையம் ஆளை விழுங்குவதைப் பற்றிய ஆல்பம் அது. அசிங்கமான அட்டை என்று பலர் முகம் சுளித்தார்கள். எல்.பி. அட்டை ஒரு அடிக்கு ஒரு அடி இருந்தது, சிடி அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது, ஃபோனில் அது கட்டைவிரல் நக அளவு. இன்று அந்த ஆல்பத்தை யூட்யூபிலேயே போட்டால், அட்டைக்கு அடியில் நிஜமான சிவப்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. விரல் சில சமயம் தவறிப்போய் படத்தில் இருக்கும் பட்டையைத் தள்ளிப் பார்க்கிறது.