பண்ணைக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை மீட்டர்?

நாமக்கல் வட்டாரத்தில் பேருந்தில் செல்வோருக்கு முட்டைக் கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள் பழகிய காட்சி. காற்று நம் பக்கம் வீசினால், பண்ணை கண்ணில் படுமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். இத்தகைய பண்ணை குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 500 மீட்டர் என்றன. எல்லையே இல்லாததைவிட ஓர் எல்லை இருப்பது நல்லதுதான். ஆயினும் சிறிதும் பெரிதுமான எல்லாப் பண்ணைகளுக்கும் ஒரே எண் என்பதை இயற்பியல் ஏற்காது.

கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது. ஈரம் மிகுந்தால் சிதைவும் விரைவாகும். வெளிவந்த வாயு காற்றோடு செல்லும்போது பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் பரவி நீர்த்துப் போகிறது. எளிமைக்காக, அதன் செறிவு தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொள்வோம். 10,000 கோழிகள் உள்ள பண்ணைக்கு 200 மீட்டர் போதும் என்றால், அதே வகையில் 1,00,000 கோழிகள் உள்ள பண்ணைக்கு எவ்வளவு வேண்டும்? பத்து மடங்கு அன்று; 10-இன் வர்க்கமூலமாகிய 3.16 மடங்கு, அதாவது சுமார் 632 மீட்டர். 500 என்ற எண் முதல் பண்ணைக்கு மிகை, இரண்டாவதற்குக் குறை.

இதுவும் காற்று ஒரே தன்மையாய் இருந்தால்தான். நண்பகலில் வெயிலால் தரை சூடேறி, அதையொட்டிய காற்று மேலெழுந்து கலங்குகிறது. நாற்றம் விரைவில் கலைந்துவிடும். மேகமற்ற, காற்று அசையாத இரவிலோ தரை வெப்பத்தை வீசி விரைவாகக் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிட வெப்பமான காற்று என்று அடுக்கு தலைகீழாகிறது. கனமான குளிர்காற்று மேலெழாது. மார்கழி விடியலில் அடுப்புப் புகை கூரைகளுக்குச் சற்று மேலே தட்டையாகப் படர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பண்ணை நாற்றமும் அவ்வாறே தரையோடு தரையாக ஊர்ந்து, அதிகம் நீர்த்துப் போகாமல் நெடுந்தூரம் வரும். ஆகவே பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, புகாரில் உண்மையில்லை என்று எழுதிச் செல்லும் அதிகாரியும் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் சன்னலைச் சாத்தி வைத்திருக்கும் வீட்டாரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு வளிமண்டலத்தை முகர்ந்தவர்கள்!

திசையையும் மறக்கக் கூடாது. தென்மேற்குப் பருவக் காலத்தில் பண்ணைக்குக் கிழக்கேயும் வடகிழக்கேயும் உள்ளவர்களுக்குத் தொல்லை. வடகிழக்குப் பருவத்தில் தென்மேற்கே உள்ளவர்களுக்கு. பண்ணையைச் சுற்றி நாம் வரைய வேண்டியது வட்டமன்று. முட்டை வடிவம் என்றால் இடத்திற்கும் பொருத்தமாக இருக்கும்.

ஜெர்மனியில் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆண்டின் மொத்த மணிகளில் எத்தனை மணிகளில் நாற்றம் உணரப்படுகிறது என்றும் கணக்கிடுகிறார்கள். குடியிருப்புப் பகுதிக்கு 10 விழுக்காடு, கால்நடை வளர்க்கும் கிராமப் பகுதிக்கு 15 விழுக்காடு என்பது வரம்பு. தொல்லையைக் காலத்தால் அளப்பது அறிவுடைய முறையாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஈக்கள் மட்டும் இந்தக் கணக்கு எதற்கும் கட்டுப்படுவதில்லை. அவற்றுக்கு மருந்து தூரமன்று. கூண்டுக்கடியில் விழும் எச்சத்தை ஈரமின்றி வைப்பதே.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1970-களிலிருந்து ஒரு வாய்பாடு வழக்கில் உள்ளது. விலங்கின் வகை, எண்ணிக்கை, எரு கெட்டியா குழம்பா, அருகே வருவது எது என்பவற்றுக்குத் தனித்தனிக் காரணிகள் உண்டு. அவற்றைப் பெருக்கினால் தூரம் கிடைக்கும். எரு கெட்டியானால் காரணி 0.7, குழம்பானால் 0.8. எண்ணிக்கைக்கான காரணி, நாம் மேலே கண்டதுபோல, எண்ணிக்கையைவிட மெதுவாகவே ஏறுகிறது. தனி வீட்டுக்கு வேண்டிய தூரத்தைப்போல் இரு மடங்கு, மக்கள் செறிந்த குடியிருப்புப் பகுதிக்கு வேண்டும்.

அங்கே என்னைக் கவர்ந்தது வாய்பாடன்று. அவ்விதி இரு பக்கமும் செல்கிறது. வீடுகளுக்கு அருகே புதுக் கொட்டகை கூடாது; இருக்கிற கொட்டகைக்கு அருகே புது வீடுகளும் கூடா. நம் ஊரில் அடிக்கடி நடப்பது இரண்டாவதுதான். வெறும் மேட்டுக்காட்டில், வங்கிக் கடன் வாங்கி ஒருவர் பண்ணை வைக்கிறார். பத்தாண்டு கழித்துப் பக்கத்து நிலத்தில் கல் நட்டு மனைகளாக விற்கிறார்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டியவர் முதல் மாதமே மனு எழுதத் தொடங்குகிறார். முன்னால் வந்தவருக்கும் நட்டம், பின்னால் வந்தவருக்கும் நட்டம். மனையை விற்றவர் மட்டும் பணத்தோடு போய்விட்டார். பண்ணைக்காரரை மட்டும் பார்த்துப் பேசும் தூர விதி இவரைத் தொடாது.

எனவே மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன், அருகிலுள்ள பண்ணையில் கோழிகள் எத்தனை, எரு எந்நிலையில் வைக்கப்படுகிறது, எந்த மாதங்களில் காற்று எத்திசையில் வீசுகிறது என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்க வேண்டும். அவற்றைக்கொண்டு கணக்கிட்ட எல்லைக்கோட்டை மனை வரைபடத்திலேயே, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியுமாறு, வரைந்து காட்ட வேண்டும்.